பத்துமணிக் கணக்கு

மின்சார மீற்றர் வாசிக்கிறவன் நான்.
எந்த வளவில் நாய் கட்டி நிற்கும்,
எந்த வளவில் கட்டாமல் நிற்கும்,
பாடம்.
போகிற வீடுகளில் கேட்டு வாங்கியவைதான்
இந்தத் தண்டுகள்.
செம்மஞ்சள், ஆனைக்கோட்டைத் தையல்காரி
பழைய பில்லில் சுற்றித் தந்தது.
வெள்ளையில் றோசா வரி, அரியாலை.
கடுஞ்சிவப்பை யாரிடமும் கேட்கவில்லை.
மதிலுக்கு வெளியே தொங்கியது,
விரல் நீளம் கிள்ளிச்
சட்டைப்பைக்குள் வைத்தேன்.

பெயின்ற் வாளி ஆறு.
ஆணியைச் சுட்டு அடியில் ஐந்து துளை.
கோண்டாவில் செம்மண், அதேயளவு மணல்,
ஒரு பிடி தும்புத்தூள்.
வேர் தண்ணீரில் நின்றால்
தண்டு கண்ணாடி மாதிரியாகி
ஒரே இரவில் சரியும்.
முதல் வாளியை இரண்டு வேளையும் ஊற்றி
நானே கொன்றேன்.

மூன்றாம் மாடிப் பல்கனி.
சோளகம் பிடித்தால்
வாளிகள் கம்பியில் முட்டி முட்டி
இராமுழுக்கக் கதைக்கும்.
குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பு
விளிம்பில் வெள்ளைக் கரை கட்டும்,
பழந்துணியால் துடைப்பேன்.

பத்துமணிப்பூவுக்குப் பெயரே நேரம்.
அது விரிகிற பொழுதில் நான்
சுன்னாகத்தில் யாரோ வீட்டுப் பின்சுவரில்
இலக்கம் எழுதிக்கொண்டு நிற்பேன்.
ஐந்துக்கு வந்து பார்த்தால்
எல்லாம் நனைந்த தீக்குச்சித் தலைகள்.

நுனியைக் கிள்ளு, அப்போதுதான் அடர்த்தியாய் வரும்
என்று தையல்காரி சொல்லித்தான் விட்டா.
கை வரவில்லை.
நீளமாய், மெலிந்து,
கீழ்வீட்டுக்காரியின் ஆகாயத்துக்குள் இறங்கின.

கீழே எமில்டா. பெரியாசுபத்திரித் தாதி.
ஒரு புதன்கிழமை படியேறி வந்தா.
கையில் வெள்ளைச் சீருடை,
தோள்பட்டையில் செம்மண் சொட்டு ஏழெட்டு.
"வாட்டில ரத்தமெண்டு நினைக்கினம்."
மன்னிப்புக் கேட்டேன்.
"தண்ணியை இரவில ஊத்துங்கோ.
பிறகு, என்ர கொடியில முட்டின
உங்கட கொடியை வெட்டிப்போட்டன்."

எட்டிப் பார்த்தேன்.
எல்லாம் ஒரே மட்டம்,
பிளாஸ்ரர் வெட்டிப் பழகின கை.
ஒரு கிழமை
படியில் கண்டால் போனைப் பார்த்தேன்.
ஆனாலும் ஐஸ்கிறீம் டப்பா மூடிகளை
வாளிகளுக்குக் கீழே கட்டினேன்.

வெட்டுப்பட்ட இடமெல்லாம்
இரண்டாய், சில மூன்றாய் வெடித்தது.

ஆவணியில் ஒரு பின்னேரம்
கதவிடுக்கில் ஒரு துண்டு.
மருந்துச் சீட்டின் பின்பக்கம்
'பதினேழு'.
வேறொன்றும் இல்லை.
தண்ணீர்க் காசில் ஏதும் பாக்கியோ
என்று யோசித்தேன்.
அடுத்த நாள் 'இருபத்திரண்டு'.
அதற்கடுத்த நாள் 'ஒன்பது. மப்பு.'

அப்போதுதான் பிடிபட்டது.
இராப்பணி முடிந்து
பத்துக்கு வந்து உடுப்புக் காயப்போடுகிற ஆள்
அண்ணாந்து பார்க்கிறா.

ஊரெல்லாம் வாசிக்கிற எனக்கு
யாரும் வாசித்துத் தந்ததில்லை.
துண்டுகளை றப்பர் வளையம் போட்டு
லாச்சிக்குள் வைத்தேன்.

போயா விடுமுறை.
பத்தரைக்கு நானே கம்பியில் சாய்ந்து எண்ணினேன்.
இருபத்துமூன்று.
திரும்பவும் எண்ணினேன். அதே கணக்கு.
பின்னேரத் துண்டில் 'இருபத்தாறு'.

தொழில் ரோசம்.
இறங்கிப்போய்க் கதவைத் தட்டினேன்,
பிழையென்று சொல்ல.
பாதி திறந்த கதவில் நித்திரைக் கண்.
"மேல நிண்டு எண்ணினா மூண்டு குறையும்.
சிலாப்புக்குக் கீழால வளைஞ்சு
என்ர வீட்டுக்குள்ள பாத்துக்கொண்டு நிக்குது."
கதவு சாத்தியது.

இரவு, வாளிக்கு ஒரு பேணி தண்ணீர்.
ஊற்றமுன் எட்டிப் பார்த்தேன்.
கொடியில் உடுப்பு இல்லை.
அந்த மூன்றும்
தெரியவில்லை.